குளிர் வர்றதுக்குள்ள கார் பேட்டரியை மாத்தணுமா? ‘செல்ஃப்’ தந்த சார்லஸ் கெட்டரிங்கின் கதை

காலை ஆறரை மணி. டொரண்டோவில் வெளியே மைனஸ் 18 டிகிரி. காரில் ஏறி சாவியைத் திருப்பினால் டிக், டிக், டிக் என்று சத்தம் மட்டும்தான் வருது. ஹெட்லைட் எரியுது, ரேடியோ பாடுது, இன்ஜின் மட்டும் சுற்ற மாட்டேங்குது. நேற்று ராத்திரி நல்லா ஓடின வண்டி!

நம்ம ஊர்ல இதை ரெண்டே வார்த்தையில் சொல்லிடுவோம்: செல்ஃப் எடுக்கலை. மெக்கானிக் கடையில் தினமும் புழங்கும் அந்த ‘செல்ஃப்’, செல்ஃப் ஸ்டார்ட்டர் என்பதன் சுருக்கம். அதைக் காரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் சார்லஸ் ஃபிராங்க்ளின் கெட்டரிங். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக்காரர். 1958-இல் இறந்துவிட்டார். ஆனாலும் குளிர் நாடுகளில் ஒவ்வொரு அக்டோபரிலும் எழும் கேள்விக்கு, அதாவது நாலைந்து வயசான பேட்டரியோட இந்தக் குளிரைத் தாண்டிடலாமா, இல்லை இப்பவே மாத்திடணுமா என்பதற்கு, அவர் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

கண் வலியோடு தொடங்கிய படிப்பு

கெட்டரிங் 1876 ஆகஸ்ட் 29 அன்று ஒஹாயோவின் லவுடன்வில் அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் நான்காவது. சின்ன வயதிலிருந்தே கண் பார்வை சரியில்லை. கொஞ்ச நேரம் படித்தாலே தலைவலி வந்துவிடும். இருந்தும் பள்ளியை முடித்து, சில காலம் கிராமப் பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தார்.

பிறகு ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கண் பிரச்சினை மறுபடி படுத்தியதால் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, டெலிபோன் கம்பம் நடும் குழுவில் சேர்ந்தார். குழி தோண்டுவது, கம்பி இழுப்பது, பழுது பார்ப்பது என்று வெயிலிலும் பனியிலும் வேலை. மின்சாரம் நிஜ உலகத்தில் எப்படி வேலை செய்கிறது, எங்கே மக்கர் பண்ணுகிறது என்பதைக் கையால் தொட்டுக் கற்ற காலம் இது. கண் கொஞ்சம் தேறியதும் கல்லூரிக்குத் திரும்பி, 1904-இல் எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங் பட்டம் வாங்கினார். அப்போது அவருக்கு வயது 27.

கல்லாப்பெட்டியில் கிடைத்த யோசனை

முதல் வேலை டேட்டன் நகரில் இருந்த நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில். கடைகளில் வைக்கும் கல்லாப்பெட்டி இயந்திரம் அப்போது கைப்பிடியைச் சுற்றினால்தான் இயங்கும். அதை மின்சாரத்தில் ஓட வைப்பது கெட்டரிங்கின் பொறுப்பு.

இங்கேதான் ஒரு விஷயம் அவருக்குப் பிடிபட்டது. நாள் முழுக்க ஓடும் மோட்டார் என்றால் அது பெரிதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சூடாகிக் கருகிவிடும். ஆனால் கல்லாப்பெட்டி மோட்டார் ஓரிரு நொடிதான் ஓடுகிறது. அந்த நொடியில் மட்டும் முழு பலத்தையும் காட்டிவிட்டு நின்றுவிடுகிறது, சூடாக அதற்கு நேரமே கிடைப்பதில்லை. அப்படியானால் சின்ன மோட்டாரே போதுமே!

1909-இல் அந்த வேலையை விட்டுவிட்டு, நண்பர் எட்வர்ட் டீட்ஸுடன் சேர்ந்து சொந்த நிறுவனம் தொடங்கினார். டேட்டன் இன்ஜினீயரிங் லேபரட்டரீஸ் கம்பெனி, சுருக்கமாக டெல்கோ. ஆரம்பத்தில் வேலை நடந்த இடம் டீட்ஸ் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு களஞ்சியக் கொட்டகை. காருக்கான மேம்பட்ட பேட்டரி இக்னிஷன் அமைப்பு ஒன்றைச் செய்து, கேடிலாக் நிறுவனத்திடம் ஆர்டர் வாங்கினார்கள்.

கையை உடைத்த கைப்பிடி

அந்தக் காலத்தில் காரை ஸ்டார்ட் பண்ணுவது லேசுப்பட்ட வேலை இல்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்று, இரும்புக் கைப்பிடியைச் செருகி, மூச்சைப் பிடித்துச் சுற்ற வேண்டும். சில சமயம் இன்ஜின் எதிர்ப்பக்கமாக உதைக்கும். மணிக்கட்டு முறியும், தோள் கழலும், தாடை உடையும். குளிர்காலத்தில் இது இன்னும் மோசம். இன்ஜின் ஆயில் குளிரில் தடித்துவிடும், கைப்பிடி அசையவே அசையாது. குளிர் தொடங்கியதும் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, அடுத்த வசந்தத்தில்தான் எடுப்பது என்று இருந்தவர்கள் நிறைய பேர்.

கேடிலாக் தலைவர் ஹென்றி லேலண்ட் இந்தக் கைப்பிடியை ஒழித்தே தீர வேண்டும் என்று முடிவெடுத்ததற்கு டெட்ராய்ட்டில் ஒரு கதை சொல்வார்கள். அவருடைய நண்பரும் கார் தயாரிப்பாளருமான பைரன் கார்ட்டர், வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காரைச் சுற்றிவிடப் போய், கைப்பிடி திருப்பி அடித்ததில் காயம்பட்டுப் பிறகு இறந்துபோனார் என்பது அந்தக் கதை. விவரங்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அப்படி அடிபட்டவர்கள் ஏராளம் என்பதில் சந்தேகமே இல்லை.

லேலண்ட் கெட்டரிங்கிடம் வந்தார். இன்ஜினைச் சுற்றும் அளவுக்கு பலமான மோட்டார் வேண்டுமென்றால் அது காருக்குள்ளேயே அடங்காது என்பது அன்றைய பலரின் கணக்கு. கெட்டரிங்குக்குக் கல்லாப்பெட்டி நினைவுக்கு வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டார் நாள் முழுக்கவா ஓடப் போகிறது? சில நொடிதானே!

1911 தொடக்கத்திலேயே மாதிரி தயாராகி, கேடிலாக் கார் ஒன்றில் ஓடிக் காட்டியது. 1912 மாடல் கேடிலாக் கார்கள் மின்சார ஸ்டார்ட்டரோடு விற்பனைக்கு வந்தன. காப்புரிமை 1915 ஆகஸ்டில் கிடைத்தது. சில ஆண்டுகளிலேயே மற்ற கம்பெனிகளும் இதே வழிக்கு வந்தன. ஃபோர்டின் மாடல் டி-யில்கூட 1919-இல் ஸ்டார்ட்டர் வாங்கிக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. கைப்பிடி சுற்ற பலம் வேண்டும் என்பதாலேயே எலெக்ட்ரிக் கார் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் பெட்ரோல் காருக்கு மாறினார்கள். பேட்டரியில் ஓடிய அன்றைய கார்கள் சாலையை விட்டு மறைய, பெட்ரோல் காருக்குள் வந்த ஒரு பேட்டரியும் காரணம்.

மோட்டார் ரெடி, பேட்டரி?

ஈய-அமில பேட்டரியைக் கெட்டரிங் கண்டுபிடிக்கவில்லை. அதைச் செய்தவர் பிரான்ஸின் காஸ்தோன் பிளாந்தே, ஆண்டு 1859. ஈயத் தகடுகள், நடுவில் கந்தக அமிலம், அவ்ளோதான். கெட்டரிங் அதன் தலையில் ஒரு புது வேலையை ஏற்றினார். கண் இமைக்கும் நேரத்தில் ஏராளமான மின்சாரத்தைக் கொட்டு, பிறகு வண்டி ஓடும்போது மெதுவாகத் திரும்ப நிரப்பிக்கொள் என்றார்.

அவருடைய முதல் அமைப்பில் ஒரே இயந்திரம் ரெண்டு வேலையும் பார்த்தது. ஸ்டார்ட் ஆகும்வரை மோட்டார், ஆன பிறகு டைனமோ. ஸ்டார்ட் செய்ய 24 வோல்ட், சார்ஜ் செய்யவும் விளக்கு எரிக்கவும் 6 வோல்ட். இன்றைய கார்களில் 12 வோல்ட் பேட்டரி, தனி ஸ்டார்ட்டர், தனி ஆல்டர்னேட்டர். பாகங்கள் மாறியிருக்கின்றன, தத்துவம் மாறவில்லை.

ஹெட்லைட் எரிந்தும் செல்ஃப் எடுக்காத மர்மம் இங்கேதான் விடுபடுகிறது. ஹாலஜன் ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட்டரோ 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், குளிரில் அதைவிடவும் அதிகம். பத்து ஆம்பியரைச் சுலபமாகத் தரும் கிழட்டு பேட்டரி, நூறைக் கேட்டால் படுத்துவிடும். விளக்கு எரிவதை வைத்து பேட்டரி நல்லாத்தான் இருக்கு என்று முடிவு கட்டுவது, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து மூட்டை தூக்குவார் என்று நம்புவது மாதிரி.

குளிரில் என்னதான் நடக்குது?

பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை. குளிர்ந்தால் அது மந்தமாகும். அமெரிக்க வாகன ஓட்டிகள் அமைப்பான ஏஏஏ சொல்லும் கணக்குப்படி, 0 டிகிரி செல்சியஸில் பேட்டரி தன் பலத்தில் சுமார் 35 சதவீதத்தை இழக்கிறது. மைனஸ் 18-இல் சுமார் 60 சதவீதம் போய்விடுகிறது. அதே நேரத்தில் தடித்த ஆயிலுக்குள் இன்ஜினைச் சுற்ற இரண்டு மடங்கு வரை மின்சாரம் தேவைப்படலாம். ஒரு பக்கம் வரவு குறையுது, மறுபக்கம் செலவு ஏறுது.

ஆனால் பேட்டரியை உண்மையில் சாகடிப்பது பெரும்பாலும் குளிர் இல்லை, வெயில்! இன்ஜின் அறைக்குள் கொதிக்கும் கோடைக்காலத்தில் அமிலத்தில் இருக்கும் நீர் வற்றுகிறது, உள்ளே இருக்கும் ஈயச் சட்டங்கள் அரிக்கப்படுகின்றன. ஜூலையில் நடந்த சேதம் ஜனவரியில்தான் வெளியே தெரிகிறது. டெட்ராய்ட்டிலும் டொரண்டோவிலும் அக்டோபர்வரை நல்லா ஓடின பேட்டரி, முதல் கடுங்குளிரில் திடீரென்று செத்துப்போவதாகத் தோன்றுவது இதனால்தான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. முழு சார்ஜில் இருக்கும் பேட்டரி மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் இறங்கிய பேட்டரியில் அமிலம் நீர்த்துப்போய் இருக்கும் என்பதால், மைனஸ் 10 டிகிரிக்குப் பக்கத்திலேயே உறையலாம். உறைந்தால் உறை வெடித்து விரிசல் விடும். அப்படி உறைந்த பேட்டரிக்கு எக்காரணம் கொண்டும் ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்கக் கூடாது, வெடிக்க வாய்ப்பிருக்கிறது.

சரி, எப்போ மாத்தணும்?

கெட்டரிங் மாதிரியே யோசிக்கலாம். பேட்டரிக்கு இருக்கும் ஒரே பெரிய பரீட்சை அந்தச் சில நொடிகள்தான். அந்தப் பரீட்சையை ஜனவரி காலையில், ஆஃபீஸுக்கு லேட்டான நேரத்தில் எழுத விடாமல், அக்டோபரிலேயே வைத்துவிட வேண்டும்.

முதலில் வயசு. பேட்டரி மேல் இருக்கும் தேதியைப் பாருங்கள். சாதாரணமாக 3 முதல் 5 வருஷம் உழைக்கும். மூணு வருஷம் தாண்டியதும் ஒவ்வொரு குளிருக்கு முன்னாலும் சோதிப்பது நல்லது. அஞ்சு வருஷம் ஆகிவிட்டது, குளிரும் கடுமையாக இருக்கும் ஊர் என்றால், நல்லா ஓடுதே என்று காத்திருப்பதில் அர்த்தமில்லை.

அடுத்து வோல்டேஜ். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு மல்ட்டிமீட்டரில் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. இன்ஜின் ஓடும்போது 13.7-க்கும் 14.7-க்கும் நடுவில் காட்ட வேண்டும். அது இல்லையென்றால் கோளாறு ஆல்டர்னேட்டரில் இருக்கலாம், புது பேட்டரி போட்டாலும் அது சீக்கிரம் இறங்கிவிடும்.

இதைவிட முக்கியம் லோட் டெஸ்ட். வோல்டேஜ் சரியாக இருந்தும் பலம் இல்லாத பேட்டரிகள் உண்டு. மெக்கானிக் கடையில் டெஸ்டரை மாட்டினால் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். பேட்டரி மேல் சிசிஏ என்று ஓர் எண் இருக்கும். மைனஸ் 18 டிகிரியில் 30 நொடிக்கு, வோல்டேஜ் 7.2-க்குக் கீழே இறங்காமல், எத்தனை ஆம்பியர் தர முடியும் என்பதுதான் அது. டெஸ்டர் காட்டும் அளவு இந்த எண்ணைவிட ரொம்பக் கம்மி என்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. புதுசு வாங்கும்போதும் கார் கையேட்டில் சொல்லியிருக்கும் சிசிஏ-வுக்குக் குறையாமல் வாங்க வேண்டும்.

கடைசியாக, வண்டியே கொடுக்கும் அறிகுறிகள்:

- காலையில் இன்ஜின் வழக்கத்தைவிட மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றுவது
- நிற்கும்போது விளக்கு மங்கி, ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிரகாசமாவது
- பேட்டரியின் பக்கங்கள் உப்பியிருப்பது, அழுகிய முட்டை வாடை வருவது
- ஒரு மாதத்தில் ரெண்டாவது தடவை ஜம்ப் ஸ்டார்ட் தேவைப்படுவது

இதில் உப்பலோ வாடையோ இருந்தால் சோதனைக்கெல்லாம் காத்திருக்காமல் உடனே மாற்றிவிடுங்கள். டெர்மினலில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி படிந்திருந்தால், முதலில் சுத்தம் செய்து இறுக்கிப் பாருங்கள். பேட்டரி மேல் பழி போட்ட பல கேஸ்களில் குற்றவாளி அந்தப் பொடிதான். விளக்கை ராத்திரி அணைக்காமல் விட்டதால் ஒரே ஒருமுறை இறங்கிய ரெண்டு வயசு பேட்டரியையும் உடனே தூக்கிப் போட வேண்டாம். முழுசா சார்ஜ் செய்து மறுபடி சோதித்தால் போதும்.

ஈயத்தின் இன்னொரு முகம்

கெட்டரிங்கின் கதை வெற்றிகளோடு முடியவில்லை. டெல்கோ கைமாறி ஜெனரல் மோட்டார்ஸுக்குள் போனது. 1920 முதல் 1947 வரை அந்த நிறுவனத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். 1923-இல் அவர் பெரிதும் நம்பிய, தண்ணீருக்குப் பதில் காற்றில் குளிரும் செம்புத் தகடு இன்ஜின் செவ்ரோலே கார்களில் வந்தது. வெயிலில் சூடேறி சக்தி இழந்ததில், விற்ற கார்களைத் திரும்ப வாங்க வேண்டியதாகிவிட்டது. ஒரு பருவத்தில் ஓடுவது இன்னொரு பருவத்தில் ஓடும் என்று நம்ப முடியாது என்பதை அவர் அடிபட்டுத்தான் கற்றார்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. இன்ஜின்களில் வரும் டக்டக் சத்தத்துக்கு அவருடைய பேட்டரி இக்னிஷன்தான் காரணம் என்று சிலர் குற்றம் சாட்டியிருந்தார்கள். உண்மைக் காரணம் எரிபொருள்தான் என்று காட்ட ஆராய்ச்சியில் இறங்கினார். அவர் குழுவில் இருந்த தாமஸ் மிட்ஜ்லி 1921 டிசம்பரில் ஈயச் சேர்மம் ஒன்றைப் பெட்ரோலில் கலந்து சத்தத்தை நிறுத்தினார். 1924-இல் அதை விற்கத் தொடங்கிய எத்தில் கார்ப்பரேஷனின் முதல் தலைவர் கெட்டரிங்.

அதே 1924 அக்டோபரில், நியூ ஜெர்சியின் பேவே ஆலையில் இந்தச் சேர்மத்தைக் கையாண்ட தொழிலாளர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். பலர் மனநிலை பாதிக்கப்பட்டார்கள். ஆலிஸ் ஹாமில்டன், யாண்டெல் ஹெண்டர்சன் போன்ற மருத்துவ நிபுணர்கள் இது பொதுமக்களுக்கு ஆபத்து என்று எச்சரித்தார்கள். கெட்டரிங்கும் அவரது நிறுவனமும் அதைப் பொருட்படுத்தவில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் உலகம் முழுக்கப் போனது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது என்று நிரூபணமாகி, நாடுகள் ஒவ்வொன்றாக நிறுத்த ஆரம்பித்தன. இந்தியாவில் நின்றது 2000-இல். உலகின் கடைசி நாடாக அல்ஜீரியா நிறுத்தியது 2021-இல்.

அதே ஈயம்தான் பேட்டரியிலும் இருக்கிறது. மூடிய பெட்டிக்குள் இருப்பதால் அதைத் திரும்ப எடுத்து, உருக்கி, இன்னொரு பேட்டரி செய்ய முடியும். அமெரிக்காவில் பழைய கார் பேட்டரிகள் கிட்டத்தட்ட எல்லாமே அப்படி மறுசுழற்சிக்குப் போகின்றன. அதனால் பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல், உடைத்து ஈயம் உருக்குபவர்களிடம் கொடுக்காமல், புதுசு வாங்கும் கடையிலேயே கொடுத்துவிடுங்கள். அதற்குக் காசும் கழிப்பார்கள்.

கடைசி ஆண்டுகள்

கெட்டரிங் பெயரில் 186 காப்புரிமைகள் இருந்தன. ரயில் இன்ஜின்களை நீராவியிலிருந்து டீசலுக்கு மாற்றியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. 1945-இல் ஆல்ஃபிரட் ஸ்லோனோடு சேர்ந்து நியூயார்க்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் அமையக் காரணமானார். ஸ்லோன் கெட்டரிங் என்ற பெயரில் அது இன்றும் உலகப் புகழோடு இயங்குகிறது. டேட்டன் பக்கத்தில் ஒரு நகரமே அவர் பெயரில் இருக்கிறது. 1958 நவம்பர் 25 அன்று, 82 வயதில் டேட்டனில் காலமானார்.

பேவே ஆலையில் எச்சரிக்கை முன்னாடியே வந்தது, கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. அதற்கான விலையைப் பல தலைமுறைகள் கொடுத்தன. நம்ம கார் பேட்டரி விஷயம் அவ்வளவு பெரிசில்லை. ஆனால் அதுவும் முன்னாடியே சொல்லிவிடுகிறது. கனடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கிறவங்க குளிர்கால டயர் மாத்தப் போகும் அன்னைக்கே, பேட்டரியையும் ஒரு தடவை டெஸ்ட் பண்ணச் சொல்லிடுங்க. சில நிமிஷ வேலைதான்.